பைக்குக்கு எந்த ஆயில் ஃபில்டர்? சைஸ் ஒத்துப்போனால் மட்டும் போதாது

பழைய ஃபில்டரை ஸ்பேர் பார்ட்ஸ் கடை மேசைமேல் வைத்து, "அண்ணே, இதே சைஸ்ல ஒண்ணு குடுங்க" என்று கேட்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பைக் மாடல், வருஷம் எதுவும் சொல்வதில்லை. கடைக்காரரும் உயரத்தையும் விட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். அது உள்ளே போய் உட்காரும், மூடியும் மூடும். ஆனால் ஒரு ஃபில்டர் உங்கள் இன்ஜினுக்குச் சரியா என்பதை முடிவு செய்யும் விஷயங்களில் பாதி வெளி அளவில் தெரியவே தெரியாது.

காரில் இன்ஜினுக்கு ஒரு ஆயில், கியர்பாக்ஸுக்கு வேறு ஆயில். நாம் ஓட்டும் கியர் பைக்குகளில் பெரும்பாலும் அப்படி இல்லை (பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் மாதிரி சில வண்டிகள் விதிவிலக்கு). பிஸ்டன், கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), கியர், கிளட்ச் எல்லாம் ஒரே ஆயிலில்தான் ஓடுகின்றன. கிளட்ச் பிளேட்டிலிருந்து உதிரும் நார்த்தூள், கியர் பற்கள் உரசி வரும் இரும்புத்தூள், எரிந்த கரி மூன்றும் அந்த ஒரு லிட்டர் சொச்சம் ஆயிலில் சேர்கின்றன. அவற்றைப் பிடித்து வைப்பதுதான் ஃபில்டரின் வேலை. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பேரிங்கையும் கேமையும் தேய்ப்பதில் 10, 20 மைக்ரான் துகள்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆயிலைக் கையில் தொட்டுப் பார்த்து "சுத்தமாத்தான் இருக்கு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. அந்தத் துகள் கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தட்டாது.

முதலில் உங்கள் வண்டியில் எந்த வகை ஃபில்டர் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்ப்ளெண்டர் வைத்திருப்பவர்கள் வந்து "ஃபில்டர் மாத்திடுங்க" என்பார்கள். அந்த 100 சிசி இன்ஜினில் மாற்றுவதற்குக் காகித ஃபில்டரே கிடையாது. கிராங்க்கோடு சேர்ந்து சுழலும் சென்ட்ரிஃபியூகல் ஃபில்டர் அழுக்கை ஓரத்தில் ஒதுக்கி அப்பிவைக்கும், கீழே ஒரு சல்லடை இருக்கும். இரண்டையும் மேனுவலில் சொன்ன இடைவெளியில் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஆக்டிவாவிலும் சல்லடை மட்டும்தான். பல்சர், அப்பாச்சி, யூசிஇ இன்ஜின் (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருப்பது) கிளாசிக் 350 போன்றவற்றில் மூடிக்குள் உட்காரும் காகித எலிமெண்ட், அதாவது மடிப்பு மடிப்பான வடிகட்டிக் காகிதம். ராயல் என்ஃபீல்டு 650 ட்வின் மாதிரி வண்டிகளில் டப்பா போலத் திருகி மாட்டும் ஸ்பின்-ஆன்.

காகித எலிமெண்டில் நான் அதிகம் பயப்படுவது திருப்பி மாட்டுவதற்குத்தான். சில எலிமெண்டுகளுக்கு ஒரு பக்கம் மட்டும் ஓட்டை, மறுபக்கம் அடைப்பு. ஹோண்டாவின் சில மாடல்களுக்கு வரும் ஃபில்டரில் 'அவுட் சைடு' என்று எழுதியே இருக்கும். அந்தப் பக்கம் மூடியைப் பார்த்து வர வேண்டும். ஒருமுறை எங்கள் பட்டறைக்கு ஒரு 250 சிசி வண்டி வந்தது. மேலே டாப்பெட் சத்தம். "போன வாரம்தாண்ணே ஆயில் மாத்தினேன், அப்புறம்தான் சத்தம்" என்றார் தம்பி. டாப்பெட் கேப் (வால்வு இடைவெளி) சரியாகத்தான் இருந்தது. ஹெட் மூடியைத் திறந்தால் கேம் லோப் (கேமின் புடைத்த பகுதி) முனை வரிவரியாகக் கீறியிருந்தது, கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் ராக்கர் ஆர்மில் சூட்டால் நீலம் பாய்ந்திருந்தது. ஃபில்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தோம். எழுத்து உள்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. ஆயில் வெளியே வரும் வழியை ஃபில்டரின் அடைத்த பக்கமே மறித்துவிட்டது. கேம், ராக்கர் இரண்டையும் மாற்ற வேண்டியதாயிற்று.

இன்னொன்று, எலிமெண்டுக்குப் பின்னால் இருக்கும் ஸ்பிரிங். பழைய ஃபில்டரோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஸ்பிரிங் இல்லாவிட்டால் எலிமெண்ட் இறுக்கமாக உட்காராது, ஆயில் காகிதத்தைச் சுற்றிக்கொண்டு வடிகட்டாமலே போகும். வண்டி நன்றாக ஓடும், சத்தமும் இருக்காது. அதனால்தான் இது மோசம். ஃபில்டர் வாங்கும்போது அந்த மாடலுக்கான ஓ-ரிங்கும் (மூடியில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். பழைய ஓ-ரிங் வெப்பத்தில் தட்டையாகிப் போயிருக்கும்.

சரி, ஸ்பின்-ஆனுக்கு வருவோம். ஜப்பானிய பைக்குகள் பலவற்றில் 20 மில்லிமீட்டர் விட்டம், 1.5 மில்லிமீட்டர் பிட்ச் (மரைகளுக்கு இடையிலான தூரம்) த்ரெட். சில கார் ஃபில்டர்களிலும் அதே த்ரெட்தான். விலை குறைவு என்பதால் "கார் ஃபில்டர் போட்டேன், நல்லா ஓடுது" என்று சொல்பவர்கள் உண்டு. த்ரெட் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பைபாஸ் வால்வு எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். காகிதம் அடைத்துவிட்டாலோ, காலையில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ, இன்ஜின் வறண்டுவிடாமல் இருக்க அந்த வால்வு திறந்து ஆயிலை நேராக அனுப்பும். தேவைக்குக் குறைந்த அழுத்தத்தில் திறந்தால் அடிக்கடி அழுக்கு ஆயில் போகும். அதிக அழுத்தத்தில் திறப்பதாக இருந்தால் இன்ஜின் பட்டினி கிடக்கும். இதோடு, வண்டி நிற்கும்போது ஆயில் வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு ஒன்று பலவற்றில் உண்டு. அது மட்டமாக இருந்தால் காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில வினாடிகள் உலோகச் சத்தம் கேட்கும். ஷெல் பேரிங்கில் (குண்டு, உருளை இல்லாத வழவழப்பான பேரிங்) ஓடும் 650 ட்வின் மாதிரி கிராங்குக்கு அந்த ஆயில் அழுத்தம்தான் உயிர். அந்த வண்டிகளுக்குக் கம்பெனி பார்ட் நம்பர், அல்லது அந்த நம்பருக்கு இது பொருந்தும் என்று தயாரிப்பாளரே பட்டியலிட்ட ஃபில்டர். மூன்றாவது வழி வேண்டாம்.

அட்டையில் '20 மைக்ரான்' என்று போட்டிருந்தால் அது பாதிச் செய்திதான். அந்த அளவுத் துகளில் நூற்றுக்கு எத்தனையைப் பிடிக்கிறது என்பதுதான் மீதி. பாதியைப் பிடிப்பதையும் 20 மைக்ரான் என்று விற்கலாம், 98 சதவீதம் பிடிப்பதையும் அப்படியே விற்கலாம். கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் ஸ்டீல் மெஷ் ஃபில்டர்கள் பற்றியும் நிறைய பேர் கேட்கிறார்கள். ஆயில் தாராளமாகப் பாயும், உண்மைதான். ஆனால் நுண்ணிய தூளைப் பிடிப்பதில் நல்ல காகிதம் அளவுக்கு அவற்றை நான் நம்பவில்லை. தினமும் ஆபீஸ் போய்வரும் வண்டிக்கு நான் போட மாட்டேன்.

போலி விஷயத்தில் அட்டையைவிட ஃபில்டரையே பார்ப்பது நல்லது. மடிப்புகள் சம இடைவெளியில் இருக்க வேண்டும். எலிமெண்டின் இரு முனைகளிலும் பசை முழுச்சுற்றும் பிடித்திருக்க வேண்டும். ஒரு மடிப்பு வாய் திறந்திருந்தாலும் ஆயில் அந்த வழியாகத்தான் போகும். லேசாக அழுத்தினாலே காகிதம் நொறுங்கினால் வாங்காதீர்கள். இதில் மிச்சம் பிடிக்கும் பணம் மிகச் சின்னது. பெரும்பாலான 150 சிசி வண்டிகளுக்கு எலிமெண்ட் விலை ஆயில் விலையில் பாதிகூட வராது.

பெட்ரோலில் கழுவி அதையே திரும்ப மாட்டும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். காகிதத்தின் உள்ளே சிக்கிய தூள் கழுவினால் வராது, பசைதான் விடும்.

பழைய எலிமெண்டை வீசுவதற்கு முன் மடிப்பைப் பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பாகப் பிசுபிசுவென்று இருப்பது சாதாரணம். முதல் சர்வீஸில் கொஞ்சம் மினுமினுப்பு இருக்கும், அதற்கும் பயப்பட வேண்டாம். நன்றாக ஓடிய வண்டியில் செதிலாக உலோகம் இருந்தால் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் கியர், கேம், பேரிங் பக்கம் தேட வேண்டும். ஒட்டாமல் வெள்ளையாக மின்னினால் பிஸ்டனோ வேறு அலுமினியப் பாகமோ தேய்கிறது. பழுப்பு நார் நிறைய இருந்தால் கிளட்ச்.

ஸ்பின்-ஆன் மாட்டும்போது பழைய ரப்பர் வாஷர் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேலேயே புதியதை மாட்டினால் இரண்டு வாஷர் சேர்ந்து, சூடானதும் ஆயில் பீய்ச்சும், நேராகப் பின் டயரில். புதிய வாஷரில் ஆயில் தடவி, வாஷர் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று, அல்லது மேனுவலில் சொன்ன அளவு. சில ஃபில்டர்களின் முனையில் நட் இருக்கும். அது கழற்றும்போது உதவத்தான், முறுக்கி இறுக்க அல்ல.

மேனுவலில் ஆயில் அளவு இரண்டு விதமாகப் போட்டிருக்கும், ஃபில்டர் மாற்றினால் ஒன்று, மாற்றாவிட்டால் ஒன்று. காலி ஃபில்டரும் கொஞ்சம் ஆயிலைக் குடிக்கும் என்பதால் இந்த வித்தியாசம். ஆயில் ஊற்றி இரண்டு மூன்று நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டு, ஃபில்டர் மூடியைச் சுற்றிக் கசிவு பாருங்கள். அணைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்து, வண்டியை நேராக நிறுத்தி லெவல் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றி நிரப்புங்கள். மூடி ஓரம் ஈரமாக இருந்தால் முறுக்கி இறுக்காமல், திறந்து ஓ-ரிங்கைப் பாருங்கள்.