துரத்தலே கூலி: சிப்பிப்பாறையைப் பழக்கும் விதம்

சிப்பிப்பாறை நாய்க்கு மூக்கைவிடக் கண்தான் முந்தும். விருதுநகர் மாவட்டத்து ஊரின் பெயரைத் தாங்கிய இந்த இனம், வெட்டவெளியில் முயலைக் கண்ட மாத்திரத்தில் பாய்வதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டது. தூரத்தில் ஏதோ அசைந்தால் தலை நிமிரும், உடல் விறைக்கும், அடுத்த நொடி ஓட்டம். இரை சிக்காவிட்டாலும் ஓடுவதே அதற்கு இன்பம். தெருவில் பூனையைக் கண்டுவிட்ட நாய், நீங்கள் நீட்டும் பிஸ்கட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காதது அதனால்தான்.

தினமும் ஓடவிட்டுக் களைக்க வைத்தால் அடங்கிவிடும் என்பார்கள். ஒரு மாதத்தில் நாய்க்குத் தெம்பு கூடியிருக்கும், களைத்துப்போயிருப்பது நீங்கள். அடித்து அடக்கினாலோ சேட்டையோடு துள்ளலும் போய்விடும், கூப்பிட்டால் வாலை ஒடுக்கிக்கொண்டு வரும்.

டேவிட் பிரேமாக் என்ற உளவியலாளர் சொன்ன விதி இங்கே கைகொடுக்கிறது: தானாக விரும்பிச் செய்யும் செயலை, அவ்வளவாக விரும்பாத செயலுக்குக் கூலியாக்கலாம். வீட்டுப்பாடம் முடித்தால் கிரிக்கெட் என்பது நம் வீடுகளில் நடப்பதுதான். சிப்பிப்பாறைக்குக் கிரிக்கெட், துரத்தல்.

ஐந்தடி பிவிசி குழாய் ஒன்று, அதன் நுனியில் ஆறடிக் கயிறு, கயிற்றின் முனையில் முடிச்சிட்ட பழைய துணி. போதும். துணியைத் தரையில் அசையாமல் போட்டுவிட்டு ‘உட்கார்’ என்று சொல்லிக் காத்திருங்கள். (வீட்டில் தமிழே பேசுகிறவர்களும் நாயிடம் மட்டும் ‘சிட்’ என்பார்கள், எந்தச் சொல்லானாலும் தினமும் அதே சொல்லாக இருந்தால் சரி.) பின்பகுதி தரையைத் தொட்ட கணத்தில் ‘எடு’ என்று சொல்லித் துணியை இழுத்தோடுங்கள். பத்துப் பதினைந்து விநாடி துரத்தட்டும். பிறகு கட்டாயம் பிடிக்கவிடுங்கள். லேசர் ஒளிப்புள்ளியைத் துரத்தவிடுவது இந்த இடத்தில்தான் கெடுக்கிறது: கவ்வுவதற்கு எதுவும் கிடைக்காமல் சில நாய்கள் சுவரில் விழும் வெளிச்சத்தையே நாளெல்லாம் தேட ஆரம்பித்துவிடும்.

கவ்வியதும் கொஞ்சம் இழுபறி. பிறகு துணியை உங்கள் தொடையோடு அழுத்தி அசைவை நிறுத்துங்கள். செத்த துணியில் சுவாரசியம் இல்லை, பிடி தளரும். தளரும்போதே ‘விடு’ என்று சொல்லி, விட்டதும் உடனே மறுபடி ஓடவிடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். துணி கைக்கு வந்ததும் ஆட்டத்தை முடித்துவிடுவார்கள். ‘விடு’ என்றால் ஆட்டம் போச்சு என்று நாய் கணக்குப் போட்டுவிடும். அடுத்த நாள் துணியோடு கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ளும்.

சில நாள் பழகியபின் ‘உட்கார்’ என்ற சொல்லைக் கேட்டதுமே கண் மின்னும். 1990களில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளிடம் கண்டது இதை விளக்குகிறது: பழகிய பிறகு, ஆர்வத்தைத் தூண்டும் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புகள் பரிசு வரும்போது அல்ல, பரிசு வரப்போகிறது என்ற அறிகுறிக்கே துடிக்கின்றன. கட்டளை அப்போது ஆட்டத்தின் முதல் மணி ஆகிவிடுகிறது.

ஒரு வேளைக்கு நான்கைந்து சுற்று, ஐந்து நிமிடம். அதற்கு மேல் போனால் கிளர்ச்சி தலைக்கேறும்: கண்மணி விரியும், துணியை விட்டு உங்கள் கையை நோக்கிப் பல் நகரும், தீனியை நீட்டினாலும் தொடாது. அந்த நிலையில் எந்தக் கட்டளையும் ஏறாது, கத்தினால் இன்னும் மோசம். ஒரு பிடி தீனியைப் புல்லில் தூவுங்கள். தலையைக் குனிந்து மோப்பம் பிடித்துத் தேடும்போது மூச்சு தணியும்.

துணி தரையை விட்டு எழக்கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குட்டிக்குக் கால் எலும்புகளின் வளர்ச்சித் தகடுகள் (எலும்பு நீளும் மென்மையான முனைப்பகுதிகள்) முழுதாக மூடியிருக்காது; தாவலும் சட்டென்ற திருப்பமும் ஆகாது. மண்ணோ புல்லோ நல்லது, டைல்ஸ் தரை வேண்டவே வேண்டாம்.

கூப்பிட்டால் வருவதற்கும் இதே கூலிதான். நாய்க்குப் பத்து மீட்டர் கயிறு கட்டி, பெயர் சொல்லி அழைத்துவிட்டு, எதிர்த்திசையில் துணியோடு ஓடுங்கள். உங்களைத் துரத்தி வரும். பத்து முறை வந்தால் ஒன்பது முறை மறுபடி ஓடவிடுங்கள், ஒருமுறை மட்டும் வீட்டுக்கு. கயிற்றைக் கழுத்தில் கட்டாதீர்கள்: தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே பருமன் என்பதால் சாதாரணப் பட்டை உருவிக்கொள்ளும், உருவாவிட்டால் முழு வேகத்தின் வெட்டிழுப்பும் கழுத்தெலும்பில் விழும். மார்பைச் சுற்றிய பட்டையில் கட்டுங்கள்.