பொழிவா, வீழ்படிவா?

‘வீழ்படிவு ராடார்’ என்று, புயலுக்குள் பெய்யும் மழையை அளக்கும் செயற்கைக்கோள் பற்றிய ஒரு காணொளியில் மறுபடியும் கேட்டாகிவிட்டது. வீழ்படிவு வேதியியல் ஆய்வகத்துச் சொல். உப்புக் கரைசலில் சில்வர் நைட்ரேட் விட்டால் வெள்ளையாகத் திரண்டு குழாயின் அடியில் தங்குமே, அது. அதைக் கொண்டுபோய் ஹரிகேன் புயலுக்குள் போட்டிருக்கிறார்கள்.

மூலச்சொல் பிரெசிபிடேஷன். லத்தீனில் தலைகுப்புற விழுவது. வேதியியலும் வானிலையியலும் ஆளுக்கொரு பொருளில் எடுத்துக்கொண்டன, அவ்வளவுதான்: அங்கே கரைசலில் திரண்டு அடியில் தங்குவது, இங்கே வானிலிருந்து மழையாகவோ பனியாகவோ விழுவது.

மழை என்று போட்டால் பனியும் ஆலங்கட்டியும் விட்டுப்போகும், அதனால்தான் பொதுச்சொல் என்று வீழ்படிவுக்கு வக்காலத்து வேறு. பாதி நியாயம் உண்டு, ராடார் புயலுக்குள் பார்ப்பது மழையை மட்டுமில்லை. 1997 நவம்பரில் அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து அனுப்பிய ட்ரிம் செயற்கைக்கோளில்தான் விண்வெளியின் முதல் மழை ராடார் போனது. அகச்சிவப்புப் படத்தில் முகிலின் மேல்முகடுதான் தெரியும். ராடார் அலையோ உள்ளே புகுந்து, துளிகளில் பட்டுத் திரும்பும். திரும்ப எடுத்துக்கொண்ட நேரம் உயரத்தைச் சொல்லும், எதிரொலியின் வலு எவ்வளவு கொட்டுகிறது என்பதைச் சொல்லும். 2005 ஆகஸ்ட் 28 அன்று மெக்சிகோ வளைகுடாவில் கத்ரீனா ஹரிகேனை அப்படிப் பிளந்து பார்த்தபோது, புயலின் நடுவிலுள்ள கண்ணைச் சுற்றிய முகில் சுவரில் மழைமுகில் 16 கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பி நின்றது. அன்றே அது ஐந்தாம் நிலைப் புயலானது, அதுதான் உச்ச நிலை. இத்தகைய புயல்களில் ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேலே போனாலே உறைந்த துகள்கள் வந்துவிடும், கீழிறங்கும்போதுதான் உருகி மழையாகும். ஆக, மழை மட்டும் போதாது. சரி.

அதற்குத்தான் ‘பொழிவு’ இருக்கிறதே! மழையும் பொழியும், பனியும் பொழியும், பனிப்பொழிவு என்று செய்தித்தாளே எழுதுகிறது. சொற்பொழிவோடு குழம்பும் என்று ஒருவர் சொன்னார். ராடார் வைத்து யார் சொற்பொழிவை அளக்கிறார்கள்? பொலிவு என்று தப்பாகத் தட்டச்சு செய்யும் ஆபத்து வேண்டுமானால் உண்டு. வீழ்படிவில் இருக்கும் ‘படிவு’தான் உண்மையான கோளாறு, வானத்தில் இருக்கும்போதே அளக்கிற பொருள் எங்கே படிந்தது? இலங்கையில் வழங்கும் மழைவீழ்ச்சிகூட இதைவிட நூறு மடங்கு தேவலை.

2014-இல் ட்ரிம்மின் வாரிசாகப் போன ஜிபிஎம் செயற்கைக்கோளை ‘உலகப் பொழிவு அளவீடு’ என்றால் யாருக்குப் புரியாது? அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்கள், எந்தத் துறைச் சொல் என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பதையும் ஒரு தடவை பார்க்கலாம். ராடாருக்கு ‘கதிரலைக் கும்பா’ என்று தேடிப் பிடித்து எழுதுகிற அக்கறையில் கால்வாசி இதற்குப் போதும். என்னைக் கேட்டால், ராடார் ராடாராகவே இருக்கட்டும், வீழ்படிவைச் சோதனைக் குழாயிலேயே விட்டுவிடுங்கள்.