டச்பேட் தானாக ஓடினால் ஃபார்மட் போடச் சொல்லாதீர்கள்

இந்த வாரமும் அதே கதைதான். வீட்டில் இருந்தபடியே சின்னச் சின்ன கடைகளுக்குக் கணக்கு எழுதித் தரும் ஒரு அக்கா லேப்டாப்பைக் கொண்டுவந்தார். டைப் செய்துகொண்டிருக்கும்போதே கர்சர் வேறு வரிக்குத் தாவுகிறது, தொடாமலேயே ஃபைல் திறக்கிறது, எக்ஸெல்லில் ஒரு கட்டத்தில் போட்ட தொகை இன்னொரு கட்டத்தில் போய் விழுகிறது. "வைரஸ்தான் தம்பி. ரெண்டு தடவை ஃபார்மட் போட்டாச்சு, போகவே மாட்டேங்குது" என்றார். முதல் ஃபார்மட்டிலேயே மகனின் சின்ன வயதுப் படங்கள் மொத்தமும் போய்விட்டன.

லேப்டாப்பை மூடி மேஜைமேல் வைத்தேன். ஒரு மூலையை அழுத்தினால் எதிர் மூலை எழும்பியது. திறந்து, டச்பேடின் குறுக்கே ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்தேன். படிந்து உட்கார வேண்டிய ஸ்கேல் நடுவில் முட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் ஆடியது. அடிமூடியைக் கழற்றினால் பேட்டரி பூரி மாதிரி உப்பி, டச்பேடைக் கீழிருந்து தள்ளிக்கொண்டிருக்கிறது. அதை மடியில் வைத்துக்கொண்டு தினமும் வேலை செய்திருக்கிறார். இரண்டு முறை ஃபார்மட் போட்டவர்களில் ஒருவர்கூட அந்த லேப்டாப்பைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

முதலில் இந்த வைரஸ் பேச்சை முடித்துவிடுவோம். அம்பு தானாக நகர்ந்தால் உள்ளே யாரோ புகுந்துவிட்டார்கள் என்று தோன்றுவது இயல்புதான், அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் கர்சர் ஆடுகிறது, உருவினால் நின்றுவிடுகிறது என்றால் அது எந்த வைரஸ்? டைப் செய்யும்போது மட்டும் தாவுகிறது, சும்மா படம் பார்க்கும்போது அசையவில்லை என்றால் அது எந்த வைரஸ்? டச்பேடை ஆஃப் செய்துவிட்டு மவுஸை மாட்டியதும் எல்லாம் சரியாகிவிட்டால், கோளாறு சாஃப்ட்வேரில் எங்கேயோ ஒளிந்திருக்கும் பூச்சி இல்லை, உங்கள் உள்ளங்கைக்குக் கீழே இருக்கும் அந்தச் சதுரப் பலகையும் அதைச் சுற்றியுள்ள சாமான்களும்தான். புது விண்டோஸ் போட்ட அன்றே மறுபடியும் கர்சர் தாவினால், அதற்குப் பிறகும் "இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாம்" என்று சொல்பவரிடம் மெஷினைக் கொடுக்காதீர்கள்.

நிஜமாகவே வேறொருவர் உங்கள் கம்ப்யூட்டரை இயக்குவது உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று யாராவது போன் செய்து, ஒரு செயலியை இறக்கச் சொல்லி, நீங்களும் இறக்கியிருந்தால் அது நடக்கும். அப்போது அம்பு ஒரு இடத்தைக் குறிவைத்துப் போகும், கிளிக் செய்யும், எழுத்து டைப் ஆகும். அப்படிப் பார்த்தால் உடனே வைஃபையை அணையுங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். டச்பேட் கோளாறில் அம்புக்குக் குறி எதுவும் இருக்காது. நடுங்கும், மூலைக்கு ஓடும், கண்ட இடத்தில் கிளிக் ஆகும். இரண்டும் பார்த்தாலே தெரியும் வித்தியாசம்.

சரி, காரணங்களுக்கு வருவோம். டச்பேட் அழுத்தத்தை அளப்பதில்லை, விரலின் மின் தன்மையைத்தான் உணர்கிறது. அதனால் ஈரக்கை, வியர்வை, அப்போதுதான் தடவிய கிரீம் எல்லாமே அதைக் குழப்பும். கையில் போட்டிருக்கும் உலோக வளையலோ வாட்ச் ஸ்ட்ராப்போ அதன்மேல் உரசினால்கூடச் சில மாடல்கள் விரல் என்று எடுத்துக்கொள்ளும். துடைக்கும்போது மெஷினை அணைத்துவிட்டு, லேசாக ஈரமாக்கிய மெல்லிய துணியால் துடையுங்கள். நேராகத் தண்ணீர் தெளிக்காதீர்கள்.

அடுத்தது நம் ஊர் வியாதி: எர்த். சார்ஜர் போட்டிருக்கும்போது லேப்டாப்பின் உலோக உடம்பை விரல் நுனியால் லேசாகத் தடவினால் சுருசுருவென்று ஓர் உணர்வு வருகிறதா? டெஸ்டர் வைத்தால் மினுக்குகிறதா? சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் கெபாசிட்டர் என்ற சின்னப் பாகத்தின் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்சாரம் அது. எர்த் ஒழுங்காக இருந்தால் தரைக்குப் போயிருக்கும். இல்லாததால் லேப்டாப் உடம்பில் நிற்கிறது, நீங்கள் தொடும்போது உங்கள் வழியாகப் போகப் பார்க்கிறது. டச்பேட் தேடுவதோ விரலின் நுண்ணிய மின் மாற்றத்தை. இந்தக் கலவரத்தில் எது விரல் என்று அதற்கு எப்படித் தெரியும்?

மூன்று பின் பிளக்கில் மேலே தடியாக, மற்ற இரண்டையும்விட நீளமாக இருக்கிறதே, அதுதான் எர்த் பின். சாக்கெட்டில் நுழையவில்லை என்று அதை ஒடித்துவிட்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூன்று பின்னை இரண்டு பின்னாக மாற்றும் பத்து இருபது ரூபாய் அடாப்டரில் செருகுபவர்கள் அதைவிட அதிகம். தயவுசெய்து செய்யாதீர்கள். வீட்டு சாக்கெட்டில் எர்த் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் (மின்சாரம் வரும் ஒயர்) எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும், நியூட்ரலுக்கும் (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர்) எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்தான் இருக்க வேண்டும். சில எலக்ட்ரீஷியன்கள் எர்த் இல்லாத வீட்டில், சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டு "எர்த் வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால், வீட்டிலுள்ள ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்பிலெல்லாம் முழு மின்சாரமும் ஏறி நிற்கும். ஆள் செத்துப்போகும் விஷயம் இது. அப்படிச் செய்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

சார்ஜரை உருவியும் தாவுகிறது என்றால் செட்டிங்கைப் பாருங்கள். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் புளூடூத் அண்டு டிவைசஸ், அதற்குள் டச்பேட். பலர் அங்கே கர்சர் ஸ்பீடைக் குறைத்துவிட்டு "இன்னும் அப்படியேதான் இருக்கு" என்கிறார்கள். கர்சர் ஸ்பீட் என்பது அம்பு எவ்வளவு தூரம் ஓடும் என்பது மட்டும்தான். கை பட்டதும் கிளிக் ஆவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் மாற்ற வேண்டியது டேப்ஸ் (Taps, அதாவது தட்டல்) என்ற பகுதியில் உள்ள டச்பேட் சென்சிட்டிவிட்டி. அதை லோவில் வையுங்கள். அப்படியும் தொல்லை தந்தால் ஒற்றை விரல் தட்டலுக்குக் கிளிக் ஆகும் டிக்கை எடுத்துவிடுங்கள். அதற்கப்புறம் அழுத்தினால்தான் கிளிக் ஆகும். நாள் முழுக்க டைப் செய்பவர்களுக்கு நான் முதலில் செய்துகொடுப்பது இதைத்தான். மவுஸ் மாட்டினால் டச்பேட் அணைந்துவிட வேண்டும் என்பதற்கும் அதே பக்கத்தில் வழி இருக்கிறது. மேக்கில் டிராக்பேட் பக்கத்தில் டேப் டு கிளிக்கை எடுத்துவிடலாம். டச் ஸ்கிரீன் உள்ள லேப்டாப் என்றால், திரையில் விரிசல் இருந்தாலும் இதே ஆட்டம்தான் ஆடும். டிவைஸ் மேனேஜரில் டச் ஸ்கிரீனை டிஸேபிள் செய்து பார்த்தால் எது குற்றவாளி என்று தெரிந்துவிடும்.

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயம். சார்ஜரை உருவியாயிற்று, கை சுத்தம், செட்டிங் சரி, இருந்தும் டச்பேட் தானாகக் கிளிக் ஆகிறது, அல்லது ஒரு பக்கம் அழுத்தவே முடியாமல் கல்லாக இருக்கிறது என்றால் பேட்டரியைச் சந்தேகியுங்கள். மெஷினைச் சமமான மேஜையில் வையுங்கள். ஆடுகிறதா? மூடி முன்போலப் பொருந்தி மூடுகிறதா? டச்பேடின் ஓரத்தில் புதிதாக இடைவெளி தெரிகிறதா? கீபோர்டின் நடுப்பகுதி மேடாகத் தெரிகிறதா? "சார்ஜ் மூணு மணி நேரம் நிக்குதே, பேட்டரி எப்படிக் கெட்டிருக்கும்?" என்று கேட்பார்கள். உப்பிய பேட்டரியிலும் சார்ஜ் நிற்கும். பர்சன்டேஜை வைத்து உப்பலைக் கண்டுபிடிக்க முடியாது.

உப்பியிருந்தால் உடனே அணையுங்கள், சார்ஜரை உருவுங்கள், மறுபடியும் சார்ஜ் போடாதீர்கள். மெத்தை, சோபா மேல் வைக்காமல் டைல்ஸ் தரையில், திரைச்சீலையிலிருந்து தள்ளி வையுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. மூடியை அமுக்கி மூடுவது, மேலே புத்தகம் அடுக்குவது, டேப் ஒட்டுவது எதுவும் வேண்டாம். ஊசியால் குத்திக் காற்றை எடுத்துவிடலாம் என்று வீடியோ பார்த்துவிட்டு வருபவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன்: அது சைக்கிள் டியூபில் அடைத்த காற்று இல்லை, தீப்பிடிக்கும் வாயு. குத்திய இடத்தில் உள்ளே ஷார்ட் ஆனால் தீ உங்கள் முகத்துக்கு நேராகத்தான் வரும்.

அந்த அக்காவுக்குப் புது பேட்டரி போட்டதும் டச்பேட் பழையபடி உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, பலகை வளைந்து உடைந்திருக்கவில்லை. படங்களைத்தான் மீட்க முடியவில்லை. மேலேயே இரண்டு முறை விண்டோஸ் எழுதியாயிற்று.

உப்பாமல் இருக்க எப்போதும் நூறிலேயே சார்ஜ் நிற்க விடாதீர்கள். வீட்டில் ஒரே இடத்தில் வைத்து வேலை செய்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். பல கம்பெனிகள் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதியைத் தங்கள் செயலியிலோ பயாஸிலோ (லேப்டாப் ஆன் ஆகும்போது, விண்டோஸுக்கு முன்பே திறக்கும் செட்டிங் பக்கம்) தந்திருக்கின்றன, அதைப் போட்டுவிடுங்கள். மெத்தைமேல் வைத்து வேலை செய்தால் காற்றுத் துளை அடைத்துச் சூடேறும். சூடுதான் பேட்டரிக்கு முதல் எதிரி.

கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், காயலான் கடைக்கும் கொடுக்காதீர்கள். அங்கே சுத்தியலால் உடைப்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அவற்றைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள், அல்லது அனுமதி பெற்ற மின்கழிவு மையத்தில் சேர்த்துவிடுங்கள். கொண்டுபோகும்வரை முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, வேறு உலோகச் சாமான் எதுவும் படாமல் தனியாக வையுங்கள்.