ஐந்து ஹெல்மெட்டும் ஓர் எஞ்சினும்

கொரியாவின் க்ரேயான் பாப் என்ற பெண்கள் இசைக் குழு ஆடும் குதியாட்டத்துக்கு ஏன் எஞ்சின் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருந்த கேள்வி இது.

2013 ஜூனில் வெளிவந்த ‘பார் பார் பார்’ பாட்டுக்கான ஆட்டம் அது. கும்மி, எல்லின், சோயுல், சோஆ, வே என ஐந்து பேர். சோஆவும் வேயும் இரட்டையர். டிராக் சூட் போட்டு, தலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். ஒருவர் எகிறும்போது பக்கத்தில் இருப்பவர் தரையில் இருப்பார். இவர் இறங்க, அவர் எகிறுவார். கொரியாவில் இதற்குப் பெயர் ‘நேர்வரிசை ஐந்து சிலிண்டர் நடனம்’. எஞ்சினுக்குள் பிஸ்டன் என்ற உருளை ஏறி இறங்கும் குழாய்தான் சிலிண்டர். அடுத்த ஆண்டே அமெரிக்கப் பாடகி லேடி காகாவின் இசைப் பயணத்தில் முதலில் மேடையேறும் குழுவாகப் போனார்கள்.

சரி, எஞ்சினுக்கு வருவோம். உறிஞ்சல், அழுத்தம், வெடிப்பு, வெளியேற்றம் என்ற நான்கு ஸ்ட்ரோக் பள்ளியில் படித்ததுதான். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வந்தால் ஒரு முறைதான் வெடிப்பு. பாடநூல் ஒற்றைச் சிலிண்டர் படத்தோடு நின்றுவிடுவது எனக்குப் பெரிய குறை. பழைய எஞ்சின் ஒன்றை வெட்டி வைத்து, பிள்ளைகளைக் கையால் சுற்றிப் பார்க்கவிட அதிகச் செலவாகாது. அதற்குப் பள்ளிகள் கட்டாயம் பணம் ஒதுக்க வேண்டும்.

ஏனென்றால் அழகே இனிமேல்தான். ஐந்து சிலிண்டர் எஞ்சினில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு 72 டிகிரி திரும்பும்போதெல்லாம் ஒரு பிஸ்டன் உச்சிக்கு வருகிறது. சிலிண்டர்களுக்கு 1 முதல் 5 வரை எண் கொடுத்தால், உச்சிக்கு வரும் வரிசை 1, 5, 2, 3, 4. இதே வரிசையில் ஐந்து பேரை வட்டமாக நிறுத்தி, ஒருவரை விட்டு ஒருவரைத் தொட்டுக்கொண்டே போங்கள். இரண்டு முறை உச்சிக்கு வந்தால் ஒரு முறைதான் வெடிப்பு அல்லவா, தொடுவது வெடிப்பு, விடுவது வெடிக்காத முறை. 1-ஐத் தொட்டு 5-ஐ விடுகிறீர்கள். 2-ஐத் தொட்டு 3-ஐ விடுகிறீர்கள். 4-ஐத் தொட்டதும் சுற்று முடிந்து மறுபடி 1. இப்போது விட வேண்டியது அவரை! எனவே 5, பிறகு 3. முதல் சுற்றில் விடுபட்ட இருவரும் இரண்டாம் சுற்றில் தாமாகவே சேர்ந்துவிட்டார்கள். கிடைத்த 1-2-4-5-3 என்பதுதான் ஐந்து சிலிண்டர் எஞ்சின் வெடிக்கும் வரிசை.

நான்கு பேரை நிறுத்திப் பாருங்கள். எத்தனை சுற்று போனாலும் அதே இருவர்தான் தொடப்படுவார்கள். அதனால்தான் நான்கு சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன்கள் ஜோடி ஜோடியாக ஏறி இறங்குகின்றன. பழைய விமானங்களின் நட்சத்திர வடிவ எஞ்சின்களில் ஒரு வட்டத்துக்கு 5, 7, 9 என்று சிலிண்டர் இருப்பதும் இதே கணக்குதான். ஒற்றைப்படை ராசியான எண் என்பதை நான் நம்புவதில்லை. இந்தக் கணக்கே எனக்குப் போதுமான அதிசயம்.

இதில் கிடைக்கும் லாபம்? தண்டு 180 டிகிரி திரும்பும் வரை ஒரு வெடிப்பு பிஸ்டனைத் தள்ளும். ஆனால் 144-ஆம் டிகிரியிலேயே அடுத்தது வெடித்துவிடும். தள்ளுவதற்கு ஆளில்லாத கணமே கிடையாது. 1976-இல் ஆடி (Audi) நிறுவனத்தின் ‘100’ காரில் பெட்ரோல் எஞ்சினாக வந்த இந்த அமைப்பு, 1980-இல் அதே நிறுவனத்தின் குவாட்ரோ காரின் உறுமலாகப் புகழ்பெற்றது. எஞ்சின் முன்னும் பின்னுமாக லேசாக ஆடும் குறை ஒன்று உண்டு.

கறாராகப் பார்த்தால், இரண்டு அணியாக மாறி மாறிக் குதிக்கும் க்ரேயான் பாப் ஆட்டம் நான்கு சிலிண்டருக்குத்தான் நெருக்கம். நிஜமான ஐந்து சிலிண்டர் ஆட்டம் வேண்டுமானால் 1, 5, 2, 3, 4 என்று ஒருவர் பின் ஒருவராகக் குதிக்க வேண்டும். அப்போது வரிசையில் யாராவது ஒருவர் ஏறிக்கொண்டே இருப்பார்.