கடன் இருந்தால் அமெரிக்காவில் செக்யூரிட்டி கிளியரன்ஸ் கிடைக்குமா?

கிடைக்கும். வீட்டுக் கடன், கார் கடன், படிப்புக் கடன் என்று எத்தனை இருந்தாலும், தவணையை ஒழுங்காகக் கட்டி வருபவருக்குப் பொதுவாகப் பிரச்சினை இல்லை. தவணை தவறிய கடனும் கட்டாத வரியும்தான் வம்பு.

அமெரிக்க அரசின் ரகசியத் தகவல்களைத் தொடும் வேலைக்கு இந்த அனுமதி வேண்டும். நாமாகப் போய் விண்ணப்பிக்க முடியாது. வேலை தரும் அரசுத் துறையோ ஒப்பந்த நிறுவனமோதான் நம்மை முன்மொழிய வேண்டும். குடியுரிமையும் வேண்டும், கிரீன் கார்டு போதாது. தகுதியைப் பார்க்க 13 அளவுகோல்கள் உண்டு. 2017 ஜூன் 8 முதல் நடப்பில் உள்ள இவற்றில் ‘எஃப்’ என்ற பிரிவுதான் பண விவகாரம்.

கடனில் மூழ்கியவர் காசுக்காக ரகசியத்தை விற்றுவிடுவார் என்ற பயம் இதற்கு ஒரு காரணம். வெறும் கற்பனைப் பயம் இல்லை அது. சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1985-இல் சோவியத் உளவுத்துறைக்குத் தகவல் விற்கத் தொடங்கியபோது கடன் தொல்லையில்தான் இருந்தார், 1994-இல் பிடிபட்டார். ஆனால் சாதாரண ஆட்களைச் சிக்க வைப்பது இன்னொரு காரணம்: வரவுக்குள் வாழாதவர், கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதவர், ரகசிய விதிகளை மட்டும் மதிப்பாரா என்ற சந்தேகம்.

இந்த அனுமதிக்காக நிரப்பித் தரும் எஸ்எஃப்-86 படிவத்தின் 26-ஆம் பகுதி கடந்த 7 ஆண்டுகளின் கணக்கைக் கேட்கிறது: திவால் மனு, தாக்கல் செய்யாத வரி, வசூல் ஏஜென்சிக்குப் போன கடன், 120 நாளுக்கு மேல் தவறிய தவணை. சூதாட்டத்தால் பணச் சிக்கல் வந்திருந்தால், அது எப்போது நடந்திருந்தாலும் சொல்ல வேண்டும். இதில் எதையும் மறைக்காதீர்கள். எப்படியும் கிரெடிட் ரிப்போர்ட்டை (நம் கடன் வரலாற்றின் அறிக்கை) எடுத்துப் பார்க்கத்தான் போகிறார்கள். கடனை மன்னித்தாலும் பொய்யை மன்னிப்பது கடினம். தெரிந்தே பொய் எழுதுவது தனிக் குற்றமும்கூட.

சரி, கடன் தவறிவிட்டது. என்ன செய்யலாம்? வேலை போனது, மருத்துவச் செலவு, விவாகரத்து, குடும்பத்தில் மரணம் போன்ற கைமீறிய காரணங்களை விதியே ஏற்கிறது. ஆனால் காரணம் மட்டும் போதாது, அதற்கு அப்புறம் பொறுப்பாக நடந்துகொண்டீர்களா என்றும் பார்ப்பார்கள். கடன் கொடுத்தவரிடம் பேசித் தவணை ஒப்பந்தம் போட்டு, மாதாமாதம் கட்டிய ரசீதுகள் இருந்தால் அதுதான் வலுவான ஆதாரம். ‘இனிமேல் கட்டுவேன்’ என்ற உறுதிமொழிக்கு மதிப்புக் குறைவு. ஏழு ஆண்டு கழிந்து ரிப்போர்ட்டிலிருந்து கடன் மறைந்துவிட்டது என்பதும் அடைத்ததற்குச் சமமாகாது. பலர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். வரி பாக்கி என்றால் முதலில் கணக்கைத் தாக்கல் செய்து, வரித்துறையோடு தவணைத் திட்டம் போடுங்கள். அதே அரசுக்குச் செலுத்த வேண்டிய கடமை என்பதால் இதில் கண்டிப்பு அதிகம்.

சந்தேகம் தீராவிட்டால் குற்றச்சாட்டுகளை வரிசைப்படுத்தி ஒரு நோட்டீஸ் வரும். பாதுகாப்புத் துறையின் ஒப்பந்த ஊழியர் என்றால் பதில் தர 20 நாள். ஒவ்வொரு கடனுக்கும் தனித்தனியே பதிலும் ஆவணமும் கொடுத்து, நீதிபதி முன் விசாரணையும் கேட்கலாம். அந்தத் தீர்ப்புகள் பெயர் நீக்கி இணையத்தில் வெளியாகின்றன. நாலைந்து படித்துப் பார்த்தால் தொகையைவிட நடத்தைக்கு எவ்வளவு எடை என்பது புரியும். ஆனாலும், சந்தேகத்தின் பலன் விண்ணப்பதாரருக்கு இல்லை, தேசப் பாதுகாப்புக்குத்தான். இந்த அனுமதி யாருக்கும் உரிமை அல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது.

அனுமதி வாங்கிய பிறகும் கண்காணிப்பு நிற்பதில்லை. கிரெடிட் விவரங்களைத் தானியங்கி முறையில் தொடர்ந்து சரிபார்க்கிறார்கள். தவணை தவறும் நிலை வந்தால், அது அங்கே தெரியும் முன் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.