பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை: எந்த பிளாஸ்டிக்?

வெள்ளவத்தையில் எங்கள் கீழ்வீட்டு மாமிக்குக் கன்னத்தின் உட்பக்கம் புற்றுநோய். மகரகம ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். கட்டியை வெட்டி எடுத்த பிறகு பிளாஸ்டிக் சர்ஜரி செய்வோம் என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னார். மாமிக்கு அந்த இரண்டு சொல் மட்டும் நன்றாக விளங்கிவிட்டது. "என்ர வாய்க்குள்ள பிளாஸ்டிக்கையோ தம்பி வைக்கப் போகினம்? சுடுதண்ணி குடிச்சா உருகாதே?" என்று கேட்டார்.

மாமியின் பயம் நியாயமானது. அந்தச் சொல்லைக் கேட்டால் எவருக்கும் வாளியும் போத்தலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் சொல் அந்தப் பொருளைவிட மூத்தது. கிரேக்க மொழியில் களிமண்ணையோ மெழுகையோ கையால் பிடித்து உருவாக்குவதை 'பிளாஸ்ஸைன்' என்பார்கள். அப்படி உருக்கொடுக்கக் கூடியது 'பிளாஸ்டிகோஸ்'. 1818இல் பெர்லினில் கிரேஃபே என்ற சத்திரசிகிச்சை நிபுணர் மூக்கைத் திரும்ப அமைப்பது பற்றிய தன் நூலுக்கு 'ரினோபிளாஸ்டிக்' என்று பெயர் வைத்தார். 1838இல் எடுவார்ட் ட்ஸைஸ் எழுதிய ஜெர்மன் கையேட்டின் தலைப்பிலேயே பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை என்ற தொடர் இருக்கிறது. முழுக்கச் செயற்கையான முதல் பிளாஸ்டிக்காகிய பேக்கலைட் பிறந்தது 1907இல்தான். அதனால் 'நெகிழி அறுவை' என்று எழுதுவது தவறு. அது மாமியின் பயத்தைத் தமிழில் எழுதியதாகத்தான் ஆகும்.

வேலையோ சொல்லைவிடவும் பழையது. இலையை மூக்களவுக்கு வெட்டி, அதே அளவில் கன்னத்துத் தோலை எடுத்து மூக்காக்கும் முறையைச் சுஸ்ருத சம்ஹிதை என்ற பழைய வடமொழி மருத்துவ நூல் சொல்கிறது. 1794இல் லண்டன் இதழ் ஒன்றில் வந்த கடிதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவரின் மூக்கைத் திப்புவின் ஆட்கள் அறுத்துவிட்டார்கள். புனே அருகே ஒருவர் மெழுகை மூக்குப் போலப் பிடித்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, அந்த அளவுக்குத் தோலைக் கீறி, புருவங்களின் நடுவே சிறு இணைப்பை மட்டும் விட்டுக் கீழே திருப்பித் தைத்தார். அவர் செங்கல் செய்யும் குலத்தவர் என்கிறது கடிதம். மண்ணைப் பிடித்துப் பழகிய கை!

சரி, தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டில் 'ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சை' என்கிறார்கள். நாங்கள் இலங்கையில் அறுவை என்பதற்குச் சத்திரசிகிச்சை என்போம். தங்கும் சத்திரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, இது கத்தியைக் குறிக்கும் சஸ்திரம். ஒட்டு நல்ல சொல். கறுத்தக்கொழும்பான் கிளையை வேறொரு மாங்கன்றில் ஒட்டுகிற அதே ஒட்டு. ஆங்கிலக்காரரும் தோல் ஒட்டுக்குத் தோட்டத்துச் சொல்லைத்தான் எடுத்தார்கள். குப்பி விளக்கு சரிந்து ஒருவர் ஆழமாக எரிந்துபோனால், தொடையிலிருந்து கடதாசி போன்ற மெல்லிய தோலைச் சீவிப் புண்ணின் மேல் பரப்புவார்கள். அந்தத் தோலுக்குச் சொந்த இரத்த ஓட்டம் கிடையாது. முதல் இரண்டு நாள் புண்ணில் ஊறும் நீரில் உயிர் பிழைத்து, பிறகு கீழிருந்து புதிய குழாய்கள் வளர்ந்து ஏறும்போதுதான் ஒட்டுப் பிடிக்கும். மாங்கன்றுக்குச் சொல்வது போலத்தான்.

ஆனால் வெறும் எலும்பின் மேல் ஒட்டுப் பிடிக்காது. கட்டியோடு தசையும் எலும்பும் போன பள்ளத்தை அது நிரப்பவும் மாட்டாது. அங்கே தேவைப்படுவது மடல். தோல், தசை, சில வேளை எலும்பு என எல்லாம் சேர்த்துத் தன் இரத்தக் குழாயோடு எடுக்கப்படும் துண்டு அது. காவஸ்ஜியின் நெற்றித் தோலும் மடல்தான். தாடை எலும்பை எடுத்தால் கணுக்காலுக்கு மேலுள்ள மெல்லிய எலும்பைக் குழாயோடு கொண்டுவந்து, தாடை வளைவுக்கு வெட்டி அமைத்து, நுண்பெருக்கியின் கீழ் கழுத்துக் குழாய்களோடு தைப்பார்கள். இதை வெறும் ஒட்டு என்றால் பாதிதான் சொன்னதாகும். வாழை மடல், காது மடல் என்று புழங்கும் நமக்கு இந்தச் சொல்லும் கைக்கெட்டியதுதான்.

இரண்டையும் அணைக்கும் தாய்ச்சொல்லும் நம்மிடம் உண்டு: வனைதல். குயவர் மண்ணுக்கு உருக்கொடுப்பது வனைதல், கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருளும் அதுவே. கணவனை இழந்த பெண், அவனைப் புதைக்கும் தாழியை எனக்கும் சேர்த்து அகலமாக வனைவாயா என்று குயவரைக் கேட்கும் புறநானூற்றுப் பாட்டில் இந்த வினை இருக்கிறது. 'வனைவுச் சத்திரசிகிச்சை' என்பதே என் தெரிவு. கட்டிக்கும் தீக்காயத்துக்கும் பிறகு இழந்ததைத் திரும்ப அமைப்பதை மட்டும் பிரித்துச் சொல்ல 'மீள்வனைவு' எனலாம். மீள்குடியேற்றம் என்று சொல்லிப் பழகிய வாய்க்கு அது வரும்.

மாமிக்கு நான் இவ்வளவும் சொல்லவில்லை. "பிளாஸ்டிக் ஒண்டும் இல்லை மாமி. உங்கட கைத்தோலை எடுத்துக் கன்னத்தை வனையப் போகினம்" என்றேன். முன்கையைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப கையில புண் கிடக்குமே?"

கைக்குத் தொடையிலிருந்து ஒட்டு. தொடை இரண்டு கிழமையளவில் தானாகவே ஆறிவிடும்.