பஸ்ஸில் ஏற்றிவிடப்படும் எயார்பேக்

“அண்ணே, ஒரு ஸ்டியரிங் எயார்பேக்தானே! அதற்குமா இவ்வளவு கடதாசி?”

ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்துக் கராஜ்காரர்கள் தொலைபேசியில் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான். கொழும்பில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் ஆபத்தான பொருட்களுக்கான ஆவணங்களைப் பார்ப்பது என் வேலை. சொந்த ஊர் மலையகம் என்பதால் கோபத்தை உரிமையோடு என்மேல் கொட்டுவார்கள். கொட்டட்டும். ஆனால் அந்தக் கடதாசி யாருக்காக என்பதைப் பெரும்பாலானோர் தவறாகவே விளங்கிவைத்திருக்கிறார்கள்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மடித்த துணிப்பைக்குப் பின்னால் ஓர் உலோகக் கூடு. அதற்குள் மின்சாரம் பட்டதும் பற்றும் சிறிய தீமூட்டியும், எரிந்து வாயுவாக மாறும் இரசாயன வில்லைகளும் இருக்கின்றன. மோதலை உணர்ந்து கட்டளை வந்தால் ஏறத்தாழ 30 மில்லிசெக்கனில் பை விரிந்துவிடும். பழைய வாகனங்களில் வில்லைகள் சோடியம் அசைட்டால் ஆனவை. அது கடும் நஞ்சு. பின்னர் வந்தவற்றில் குவானிடின் நைத்திரேற்று போன்றவை இடம்பிடித்தன. பக்கத் திரைபோல இறங்கும் எயார்பேக்குகள் பலவற்றில் உயர் அழுத்தத்தில் அடைத்த ஆகன் அல்லது ஹீலியம் வாயுவும் உண்டு. எயார்பேக்கைக் கண்டு ஒதுங்கும் மெக்கானிக்குகள்கூட மறந்துவிடும் ஒன்று, மோதலின்போது ஆசனப் பட்டியைச் சட்டென்று இறுக்கும் கருவி. பல வாகனங்களில் அதுவும் இதே வகை எரிமருந்தில்தான் இயங்குகிறது.

ஐக்கிய நாடுகள் சபையின் பரிந்துரைகளை அடியொற்றியே உலகெங்கும் கப்பலிலும் விமானத்திலும் ஆபத்தான சரக்கு போகிறது. அதில் இந்தக் கருவிகளுக்கு இரண்டு எண்கள் உள்ளன. மின்சாரத்தால் தூண்டப்படும் பாதுகாப்புக் கருவி என்றால் ஐ.நா. எண் 3268, வகுப்பு 9, அதாவது, பலவகை ஆபத்தான பொருட்களுக்கான வகுப்பு. அந்தத் தகுதியைப் பெறாதது ஐ.நா. எண் 0503, வகுப்பு 1.4ஜி, அதாவது, சட்டப்படி வெடிபொருள்.

தகுதி எப்படிக் கிடைக்கிறது என்பதை நான் விரும்பி விளக்குவேன். தயாரிப்பாளர் அனுப்பப்போகும் பொதிகளை அப்படியே அடுக்கி, கீழே பெருந்தீ மூட்டுகிறார்கள். கருவி வெடித்துச் சிதறக் கூடாது. உலோகக் கூடு துண்டுகளாகப் பறக்கக் கூடாது. அருகில் நின்று தீயணைப்பவரைத் தடுக்கும் அளவுக்கு எதுவும் பாயவோ தகிக்கவோ கூடாது. இத்தனையும் தேறினால்தான் வகுப்பு 9. தேறியது எயார்பேக் மட்டுமல்ல, அதன் பெட்டியும் சேர்த்துத்தான். உள்ளே கருவி அசையாதபடியும் தற்செயலாக இயங்காதபடியும் வடிவமைத்த பெட்டி அது. கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் வாங்கிய எயார்பேக்கை உரச் சாக்கில் சுற்றி நைலோன் கயிற்றால் கட்டினால், அந்தத் தீச்சோதனைக்கும் அந்தப் பொதிக்கும் எந்த உறவும் இல்லை.

விதியில் ஒரு விலக்கும் உண்டு. வாகனத்தில் பொருத்தப்பட்டிருக்கும்வரை இந்தக் கருவிக்கு ஆபத்தான சரக்கு விதிகள் கிடையாது. ஸ்டியரிங் தண்டு, கதவுப் பலகை, ஆசனம் போன்ற முழுமையான பாகங்களில் பொருத்திய நிலையில் இருந்தாலும் அப்படியே. விமானமென்றால் அது தற்செயலாக இயங்க முடியாத நிலையில் இருக்க வேண்டும். எயார்பேக் உள்ள ஆசனம் வேண்டுமென்றால் ஆசனத்தோடேயே வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். இடம் மிச்சம் பிடிக்கவென்று கழற்றிய மறுநிமிடம் அது வேறு சரக்காகிவிடுகிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த வண்டிகளையே ஒட்டித் தட்டி ஓட்ட வேண்டியிருந்தது. பழைய பாகங்களுக்குக் கிராக்கி ஏறியது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. கழற்றிய எயார்பேக்கைக் கொழும்பில் காலையில் பஸ்ஸில் ஏற்றினால் மாலையில் பதுளையில் எடுத்துக்கொள்ளலாம். கண்டக்டர் அதை வைக்கும் இடம் பெரும்பாலும் சாரதிக்குப் பக்கத்தில், எஞ்சின் மூடிக்கு மேல். கினிகத்தேனை ஏற்றத்தில் அந்த மூடியில் கை வைத்துப் பார்த்தவர்களுக்குச் சூடு தெரியும்.

அந்தச் சூட்டிலேயே வெடித்துவிடும் என்று பயமுறுத்த நான் வரவில்லை. 93 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற விடக் கூடாது என்று ஜப்பானியக் கையேடுகள் சொல்கின்றன. எஞ்சின் மூடி அந்த அளவுக்குப் போகாமலும் இருக்கலாம். என் கவலை வேறு. நமது வீதிகளில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்தால் முதலில் இறங்கி ஓடுவது தீயணைப்புப் படையல்ல. கொழுந்து கொய்துகொண்டிருந்த பெண்களும் லயத்துப் பையன்களும்தான். கதவை நெம்புவார்கள், சாமான்களை இழுத்து எறிவார்கள், தீப்பிடித்தால் வாளியில் தண்ணீர் ஊற்றுவார்கள். வகுப்பு 9 பொதியில் ஒட்டப்படும், மேல்பாதியில் ஏழு கறுப்புக் கோடுகளும் அடியில் 9 என்ற எண்ணும் கொண்ட வெள்ளைச் சாய்சதுர அடையாளம் அனுப்புபவருக்கோ பெறுபவருக்கோ உரியதல்ல. பொதியில் என்ன இருக்கிறது என்று அறியாமல் அதை நெருங்கும் மூன்றாம் மனிதருக்குரியது. “கார் சாமான்” என்று பேனாவால் எழுதிய பார்சல் அவரிடம் பொய் சொல்கிறது.

தபாலில் அனுப்பலாமா என்றால், கூடாது. வெடிபொருளும் பிற ஆபத்தான பொருட்களும் சர்வதேச அஞ்சல் உடன்படிக்கையிலேயே தடை. டுபாயிலிருந்தும் கட்டாரிலிருந்தும் விடுமுறைக்கு வரும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை: கழற்றிய எயார்பேக்கைப் பயணப் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையிலும் கூடாது.

எயார்பேக் தயாரித்த டகாட்டா நிறுவனத்தின் விவகாரத்தைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அந்த ஜப்பானிய நிறுவனம் பயன்படுத்திய அமோனியம் நைத்திரேற்று, ஈரப்பதத்திலும் வெப்பம் ஏறி இறங்குவதிலும் ஆண்டுக்கணக்கில் சிதைந்து, வேண்டியதைவிட மூர்க்கமாக எரிந்தது. உலோகக் கூடு உடைந்து துண்டுகள் பயணிகள்மீது பாய்ந்தன. உலகெங்கும் 100 மில்லியன் அளவிலான கருவிகள் திரும்பப் பெறப்பட்டன. நிறுவனம் 2017இல் வங்குரோத்தானது. நம் வீதிகளில் ஓடும் ஜப்பானிய வண்டிகளின் வயதை எண்ணிப் பார்த்தால் இது தூரத்துக் கதையல்ல. சரக்கு விதி பேசுபவர்களுக்கு அதைவிடப் பெரிய பாடம் டெக்சாஸ் மாநிலத்தின் கெமாடோ என்ற சிற்றூரில் இருக்கிறது. 2016 ஓகஸ்டில் அந்த நிறுவனத்தின் எயார்பேக் பாகங்களையும் எரிமருந்தையும் ஏற்றிச் சென்ற லொறி விபத்துக்குள்ளாகி வெடித்தது. அருகிலிருந்த வீட்டில் ஒரு பெண் இறந்தார். லொறியோடு அவருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

கழற்றியே ஆக வேண்டிய நிலையில் கராஜில் செய்ய வேண்டியவை கையேட்டிலேயே இருக்கின்றன. பற்றரியைக் கழற்றிவிட்டுக் காத்திருங்கள். டொயோட்டா குறைந்தது 90 செக்கன் கேட்கிறது. மஞ்சள் நிற இணைப்பியைக் கண்டால் சோதனை விளக்கையோ சாதாரண மல்டிமீட்டரையோ நீட்டாதீர்கள், அதன் சிறு மின்னோட்டமே எயார்பேக்கை இயக்கப் போதுமானதாகிவிடலாம். மேசையில் வைக்கும்போது மூடி மேல்நோக்கி இருக்கட்டும். கவிழ்த்து வைத்தது இயங்கினால் கருவியே கூரைக்குப் பாயும்.

பழைய இரும்புக்குப் போடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். வாங்குபவர் காஸ் வெட்டியால் ஸ்டியரிங்கை அறுக்கும்போது உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது. “அது ஏற்கெனவே வெடித்ததுதான்” என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. பை வெளியே தொங்கினாலும் நம்பிவிடாதீர்கள். பல வாகனங்களில் கருவி இரட்டை நிலை கொண்டது. சிறிய மோதலில் ஒரு நிலை மட்டும் எரிந்து மற்றது அப்படியே கிடக்கலாம். இரண்டும் எரிந்ததைத் தயாரிப்பாளரின் முறைப்படி பயிற்சி பெற்ற ஒருவர் உறுதிசெய்யும்வரை அதையும் உயிருள்ளதாகவே கையாளுங்கள். என்னிடம் தொலைபேசியில் கேட்கும்போதும் வண்டியின் சேஸி இலக்கத்தோடு, இரண்டு நிலையும் எரிந்தது உறுதியானதா என்பதையும் சொல்லுங்கள்.